நாய்க்குட்டியை வீட்டிற்குப் பழக்கும் முறை

மனிதன் தன்னோடு வாழ அழைத்துக்கொண்ட விலங்குகளுள் நாயே மிகப் பழைமையானது. கர்நாடகத்தின் முதோல் வேட்டை நாய், தமிழ்நாட்டின் இராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்கள், இமயமலைச் சாரலில் ஆட்டு மந்தைகளைக் காக்கும் சடை நாய், இனப்பெயர் ஏதுமின்றி ஊர்தோறும் காணப்படும் நாட்டு நாய் ஆகிய இவை உருவத்தாலும் தொழிலாலும் வேறுபட்டவை. எனினும் குட்டிப் பருவத்தில் இவையனைத்தும் ஒரே தன்மையுடையன. வீட்டிற்குக் கொண்டுவரப்பெற்ற ஒரு வாரத்திற்குள் ஒவ்வொரு குட்டியின் மீதும் இரண்டு குற்றச்சாட்டுகள் எழுகின்றன. கண்ட இடத்தில் மலமும் சிறுநீரும் கழிக்கிறது என்பது ஒன்று. கையையும் காலையும் கடிக்கிறது என்பது மற்றொன்று.

இவ்விரண்டும் சிறு தொல்லைகள் போலத் தோன்றினும் இவற்றின் விளைவு சிறிதன்று. தொல்லை பொறுக்காத வீட்டார் குட்டியை அடிப்பர். பின்னர் இரவும் பகலும் கட்டி வைப்பர். இறுதியில் சந்தைப்புறத்திலோ சாலையோரத்திலோ விட்டுவிடுவர். இவ்வாறு விடப்பெற்ற குட்டி மனிதரை அணுக அஞ்சாததாயும், கடிக்கும் பழக்கம் நீங்காததாயும், தடுப்பூசி பெறாததாயும் தெருவில் வளர்கிறது. ஆகவே, குட்டியைப் பழக்குவது ஒரு வீட்டின் வசதியை மட்டும் சார்ந்த செய்தியன்று. ஊரின் நலத்தோடும் தொடர்புடையதாகும். இதுபற்றி மக்கள் முதலில் வினவுவது கால்நடை, சுகாதாரப் பணியாளர்களையே. குட்டியோடு மிகுதியாக விளையாடும் சிறுவரோ ஆசிரியரின் பொறுப்பில் உள்ளனர். இக்காரணம் பற்றியே இப்பொருள் இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

குட்டியின் வளர்ச்சிப் பருவங்கள்

பிறந்த குட்டிக்குக் கண்ணும் காதும் மூடியிருக்கும். அது தானாக மலசலம் கழிக்கவும் இயலாதது. தாய் நாக்கினால் நக்கித் தூண்டும்போதே கழிக்கும். தாய் அதனை அப்பொழுதே துப்புரவு செய்துவிடுவதால் படுக்கை தூய்மையாகவே இருக்கும். ஏறக்குறைய மூன்று வாரம் ஆனவுடன் குட்டி தள்ளாடி நடந்து, படுக்கையை விட்டு அகன்று கழிக்கத் தொடங்குகிறது. உறங்கும் இடத்தை அசுத்தம் செய்யாமை நாயின் இயற்கைக் குணம். இடம் பழக்கும் முறை முழுவதும் இக்குணத்தின் மீதே அமைந்துள்ளது.

மூன்று, நான்கு வாரங்களில் பாற்பற்கள் முளைக்கத் தொடங்கும். அவை மொத்தம் 28. ஊசி போலக் கூர்மையானவை. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடுகையில், கடி வலுத்தால் கடியுண்ட குட்டி வீறிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயும் வலுவாகக் கடிக்கும் குட்டியை விட்டு எழுந்து செல்லும். எவ்வளவு அழுத்தினால் பிறர் பொறுப்பர் என்பதைக் குட்டி இவ்வாறே கற்கிறது. மிக இளமையிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டி இப்பாடத்தைக் கற்காமலே மனிதரிடம் வந்து சேருகிறது. எட்டு வாரம் நிறையாத குட்டிகளை விற்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் கூறுவதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னுமிடத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் இரு அறிஞர்கள் நாய்களின் நடத்தையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலமே குட்டி பிறரோடு பழகுவதற்கு மிக ஏற்ற காலம் என்பது அவர்களுடைய முடிவுகளுள் ஒன்று. இக்காலத்தில் மனிதரின் கைகளை அன்போடு அறிந்த குட்டி பிற்காலத்தில் அச்சத்தினால் கடிப்பது அரிது.

கற்றலின் விதி

உருசிய அறிஞர் பாவ்லவ், உணவோடு தொடர்ந்து சேர்த்துத் தரப்பட்ட ஒரு குறிப்பு, பின்னர் உணவின்றியே நாயின் வாயில் உமிழ்நீரை ஊறச் செய்யும் என்று காட்டினார். பின்வந்தோர், எச்செயலின் பின் நன்மை விளைகிறதோ அச்செயலை விலங்கு மீண்டும் செய்கிறது என்றும், எச்செயலால் பயன் விளையவில்லையோ அது படிப்படியாக மறைகிறது என்றும் நிறுவினர். குட்டியைப் பழக்குவோர் அறியவேண்டியவை இவ்விரு உண்மைகளே.

இவற்றோடு காலத்தையும் கருதவேண்டும். செயலுக்கும் அதன் பயனுக்கும் இடையே ஓரிரு நொடிக்கு மேல் கழியுமாயின், குட்டி அவ்விரண்டையும் இணைத்து உணராது. காலையில் கூடத்தில் சிறுநீர் கழித்த குட்டியை நண்பகலில் கண்டு அடிக்கிறோம் என்று கொள்வோம். அடி எதற்கு என்று அதற்குத் தெரியாது. அது குனிந்து வாலை ஒடுக்குவது குற்றத்தை உணர்ந்ததனால் அன்று. நம் முகக்குறிப்பையும் குரலையும் கண்டு அஞ்சுவதனாலேயே. கழிக்கும் அக்கணத்திலேயே அடித்தாலும் அது கற்பது வேறு பாடம்: ‘மனிதர் காணுமாறு கழித்தல் ஆபத்து’ என்பதே அது. அதன்பின் அது கட்டிலின் அடியிலும் நெற்குதிரின் பின்னாலும் சென்று கழிக்கும். வெளியே அழைத்துச் சென்றாலும் நம் முன்னிலையில் கழிக்காது அடக்கிக்கொள்ளும். தண்டனை செயலை நிறுத்துவதில்லை. அதை மறைக்கவே கற்பிக்கிறது.

இடம் பழக்குதல்

முதலில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முற்றத்தின் ஒரு மூலையோ, கொல்லைப்புறத்தில் மண் தரையோ ஏற்றது. மழைக்காலத்தில் குட்டி நனைய விரும்பாது தயங்குமாதலால், கூரையின் இறப்பு சற்று மறைக்கும் இடமாயின் நன்று. நகரங்களில் மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர், அகன்ற தட்டில் மண்ணும் மணலும் பரப்பி மாடி முகப்பில் வைக்கலாம். தடுப்பூசிகள் முற்றும் பெறாத குட்டியைப் பல நாய்கள் திரியும் தெருவில் விடுதல் தகாது. பார்வோ என்னும் கொடிய வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நச்சுயிர் மண்ணில் பல மாதங்கள் அழியாதிருக்கும்.

அடுத்து, குட்டி எவ்வேளைகளில் கழிக்கும் என்பதை அறியவேண்டும். உறங்கி எழுந்தவுடன், உண்ட சிறிது நேரத்திற்குள், விளையாடி முடித்தவுடன், இரவில் படுக்குமுன் ஆகிய வேளைகள் பெரும்பாலும் தவறா. இரைப்பை நிறையும்போது பெருங்குடல் தானே அசையத் தொடங்குவதால், உண்டபின் ஐந்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் மலம் கழித்தல் இயல்பு. இரண்டு மாதக் குட்டி பகலில் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்திற்கு மேல் சிறுநீரை அடக்க இயலாது. இரவில் ஒருமுறையேனும் வெளியே கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். வயது ஏற ஏற இவ்விடைவெளி நீளும்.

ஆதலால் உணவை நாள் முழுதும் தட்டில் வைத்திராமல், குறித்த நேரங்களில் நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறையாக அளித்தல் வேண்டும். உணவு நேரம் ஒழுங்குபட்டால் கழிக்கும் நேரமும் ஒழுங்குபடும். ஆனால், தரை நனையும் என்று அஞ்சிக் குடிநீரைக் குறைத்தல் கூடாது; வட இந்தியக் கோடைக்காலத்தில் இது குட்டியின் உயிருக்கே கேடாக முடியும்.

மேற்கூறிய வேளைகளில் குட்டியைக் குறித்த இடத்திற்குக் கொண்டுசென்று, விளையாட்டுக் காட்டாமல் அமைதியாக நிற்கவேண்டும். அது கழிக்கத் தொடங்கும்போது ஒரு சொல்லை மெல்லக் கூறலாம். எம்மொழிச் சொல்லாயினும் தடையில்லை. வீட்டார் அனைவரும் அதே சொல்லைக் கூறவேண்டும். கழித்து முடித்த அந்நொடியிலேயே, அவ்விடத்திலேயே, சிறு உணவுத் துண்டு ஒன்றைக் கொடுத்துத் தட்டிக்கொடுக்க வேண்டும். வீட்டிற்குள் திரும்பிய பின்னர் கொடுக்கும் உணவு, வீட்டிற்குள் திரும்பியதற்கான பரிசாகவே குட்டிக்குத் தோன்றும்.

மற்ற நேரங்களில் குட்டி நம் பார்வையில் இருக்கவேண்டும். அது தரையை முகர்ந்துகொண்டு வட்டமிடுமாயின் உடனே வெளியே கொண்டுசெல்லுதல் வேண்டும். கவனிக்க இயலாத பொழுதில், படுத்துப் புரளும் அளவிற்கு இடமுள்ள சிறு தடுப்பினுள் படுக்கையோடு விடலாம். தான் உறங்கும் இடத்தை அசுத்தம் செய்யாக் குணம் அங்கே துணைபுரியும். ஆயினும் அதனால் அடக்கக்கூடிய நேரத்திற்கு மேல் அடைத்து வைத்தால் அக்குணமே கெட்டுவிடும்.

தவறு நேர்ந்தவிடத்துச் செய்யத்தக்கது

கழிக்கும்போதே கண்டால், கையைத் தட்டிக் கவனத்தைத் திருப்பி, உடனே தூக்கிச் சென்று வெளியே விடுக. கழித்தபின் கண்டால் வாளா துப்புரவு செய்க, வேறொன்றும் செய்யற்க. மூக்கை அசுத்தத்தில் தேய்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இதனால் குட்டி கற்பது யாதொன்றுமில்லை.

நாய் தான் முன்பு கழித்த வாடையை நாடி அவ்விடத்திற்கே திரும்பும் இயல்புடையது. ஆகவே, அவ்விடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி நன்கு உலரவிட வேண்டும். அம்மோனியா கலந்த பொருள்கள் சிறுநீரின் வாடையை நினைவூட்டுவன. பினாயில் நம் மூக்கிற்கு வாடையை மறைப்பினும் நாயின் மூக்கிற்கு மறைப்பதில்லை. மேலும், குட்டி ஈரத் தரையை நக்கினால் அஃது அதற்கு நஞ்சாகும்.

மலத்தை அன்றன்றே அகற்றிப் புதைத்தல் வேண்டும். குட்டிகளின் குடலில் உருளைப்புழுக்கள் மிகுதி. தாயின் வயிற்றிலிருக்கும்போதே அவை குட்டியை அடைந்துவிடுகின்றன. மலத்தோடு வெளிப்படும் முட்டைகள் மண்ணில் சில வாரம் கிடந்த பின்னரே தொற்றும் தன்மை பெறுகின்றன. அம்மண்ணில் விளையாடும் குழந்தையின் கைவழியே வாயை அடைந்தால், அவற்றின் இளம்புழுக்கள் ஈரலையும் நுரையீரலையும் சிற்சில வேளை கண்ணையும் தாக்கும். ஆகவே மலத்தை உடனுக்குடன் அகற்றுதலும், இரண்டாம் வாரம் முதல் மருத்துவர் கூறும் இடைவெளியில் குடற்புழு மருந்து கொடுத்தலும் குட்டிக்கும் குழந்தைக்கும் ஒருசேரக் காப்பாகும்.

சில குட்டிகள் நாம் குனிந்து அழைக்கும்போது சிறிது சிறுநீர் விடுவதுண்டு. இது பணிவின் குறி. வயது ஏற மறையும். அடிக்கடி சொட்டுச் சொட்டாகவோ இரத்தம் கலந்தோ சிறுநீர் கழியுமாயின் அது நோய். கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

கடித்தலைத் தவிர்த்தல்

குழந்தை கையால் தொட்டு உலகை அறிவது போலக் குட்டி வாயால் கவ்வி அறிகிறது. நான்காம் மாதம் முதல் ஆறாம், ஏழாம் மாதம் வரை பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் 42 முளைக்கும்போது ஈறுகள் தினவெடுப்பதால் கடித்தல் மிகும். ஆகவே கடித்தலை முற்றிலும் ஒழிக்க முயல்வது வீண். கடிக்கத் தக்கது எது, தகாதது எது என்று பிரித்துக் காட்டுவதே முறை.

கடிப்பதற்கென அதற்குச் சில பொருள்கள் வேண்டும். முறுக்கி முடிச்சிட்டு நனைத்த பருத்தித் துணி, தடித்த கயிற்று முடிச்சு, பெரிய பச்சைக் காரட் ஆகியவை ஏற்றவை. வேகவைத்த கோழி எலும்பு சிம்புகளாகப் பிளந்து குடலைத் துளைக்கக்கூடும். மக்காச்சோளக் கதிரின் தக்கை குடலை அடைத்துக்கொள்ளும். இவற்றைக் கொடுத்தல் ஆகாது. பழைய செருப்பைக் கொடுப்பதும் தவறு. பழைய செருப்பிற்கும் புதிய செருப்பிற்கும் உள்ள வேற்றுமையைக் குட்டி அறியாது.

குட்டி கையைக் கவ்வினால் கையை வெடுக்கென்று இழுக்கலாகாது. விரைந்து ஓடும் பொருளைத் துரத்திப் பிடித்தல் நாயின் இயற்கையாதலால் இழுக்குந்தோறும் கடி வலுக்கும். கையை அசைக்காது தளரவிட்டு, பேச்சையும் பார்வையையும் நிறுத்தி, மெல்ல எழுந்து அப்பால் சென்றுவிட வேண்டும். அரை நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, கடிப்பதற்குரிய துணியை நீட்டவேண்டும். அதைக் கவ்வினால் விளையாட்டுத் தொடரும். கையைக் கவ்வினால் விளையாட்டு நின்றுவிடும். உடன்பிறந்த குட்டிகளிடம் அது கற்ற பாடமே இது. மூக்கில் அடித்தல், வாயை இறுகப் பிடித்தல், நாவில் மிளகாய்ப்பொடி தடவுதல் முதலியன கையைக் கண்டால் அஞ்சும் நாயையே உருவாக்கும். அச்சமே பிற்காலத்தில் மெய்யான கடிக்குக் காரணமாகிறது. மேலும், விலங்கை அடித்து வருத்துதல் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

வீட்டார் அனைவரும் ஒரே முறையைப் பின்பற்றுதல் இன்றியமையாதது. தந்தை கையைக் கொடுத்துக் கடிக்கவிட்டு மகிழ, தாய் அதே செயலுக்காக விரட்டினால், குட்டி எதைக் கற்கும்? சில மாலை வேளைகளில் குட்டி கட்டுக்கடங்காது கடிப்பது களைப்பினால் ஆகும். குட்டிக்கு நாளின் பெரும்பகுதி உறக்கம் வேண்டும், உறங்கவிட்டால் அடங்கும். உணவருகே சென்றால் உடல் விறைத்து உறுமுவது விளையாட்டன்று. அதற்காகவும் அடிக்கலாகாது, உறுமல் ஓர் எச்சரிக்கை. எச்சரித்ததற்காக அடியுண்ட நாய் பின்னர் எச்சரிக்காமலே கடிக்கும். இத்தகைய குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆலோசனை பெறுதல் நலம்.

சிறு கடியும் வெறிநோயும்

குட்டியின் பல் பட்டதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ‘குட்டிதானே, நஞ்சில்லை’ என்று கூறுவோர் எல்லா மாநிலங்களிலும் உளர். இஃது உயிரைப் பறிக்கும் தவறான எண்ணம். ரேபீஸ் எனப்படும் வெறிநோயின் நச்சுயிர் நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் உள்ளது. குட்டியும் அந்நோய்க்கு உட்பட்டதே. பல்லாலோ நகத்தாலோ தோல் கீறப்படினும், புண்ணை நக்கினும் அது உடலுள் புகும். நரம்புகளின் வழியே மூளையை அடையும். அறிகுறிகள் தோன்றிய பின்னர் பிழைத்தல் அரிதினும் அரிது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறிஞர்கள் 2022, 2023ஆம் ஆண்டுகளில் நடத்திய கணக்கெடுப்பின் முடிவுகள் 2024இல் வெளிவந்தன. நாட்டில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 91 இலட்சம் விலங்குக்கடிகள் நேர்வதாகவும், 5,700க்கு மேற்பட்டோர் வெறிநோயால் இறப்பதாகவும் அவர்கள் மதிப்பிட்டுள்ளனர். கடிகளுள் பெரும்பாலானவை நாய்க்கடிகளே. ஐயத்திற்குரிய விலங்குகளால் கடியுறுவோருள் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதிற்குட்பட்டோர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

சிறுவர் இறப்பதற்கு ஒரு காரணம், அவர்கள் கடியை மறைப்பதே. தெருக்குட்டியைத் தூக்கி விளையாடாதே என்று தடுக்கப்பட்ட சிறுவன், அடிக்கு அஞ்சிக் கீறலைச் சட்டைக் கையினுள் மறைத்துக்கொள்கிறான். அடியுண்ட குட்டி கட்டிலின் அடியில் மறைந்து கழிப்பதும் இதுவும் ஒரே விதியின் விளைவுகள். குட்டியின் மறைவால் தரை அசுத்தமாகும். சிறுவனின் மறைவால் உயிர் போகும்.

ஊசியைப் பற்றிய பழைய அச்சமும் மறைப்பதற்குக் காரணமாகும். பாஸ்டர் 1885இல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பு மருந்தைச் செலுத்தினார். கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் 1911இல், ஆட்டு மூளையிலிருந்து ஆக்கப்பட்ட மருந்தை அமைத்தார். வயிற்றைச் சுற்றி நாள்தோறும் குத்தப்பட்ட ஊசிகளை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அம்முறை இந்தியாவில் 2004ஆம் ஆண்டின் இறுதியில் கைவிடப்பட்டது. இப்போது உயிரணு வளர்ப்பு முறையில் ஆக்கப்பட்ட மருந்து தோளில் செலுத்தப்படுகிறது. தோலினுள் செலுத்தும் முறையில் முதல் நாள், பின்னர் 3, 7, 28ஆம் நாள்கள் என நான்கு முறை சென்றால் போதுமானது. அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணமில்லை.

கடியுண்டவுடன் செய்யவேண்டுவது ஒன்றே. சோப்பு இட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவவேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள், எண்ணெய் முதலியவற்றைத் தடவலாகாது. பின்னர் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். இரத்தம் வராத சிறு கீறலுக்கும், திறந்த தோலைப் பல்லால் நெருடியதற்கும் ஊசி தேவைப்படும். இரத்தம் கசிந்த கடியாயின், ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் புண்ணிலேயே செலுத்துவர். கடித்த வீட்டு நாயைப் பத்து நாள் கவனித்தல் நன்று; ஆனால், அதன் முடிவிற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் கூடாது. குட்டி விழுங்க இயலாமல், கீழ்த்தாடை தொங்கி, உமிழ்நீர் வடித்தவாறு இருக்குமாயின், தொண்டையில் எலும்பு சிக்கியது என்று எண்ணிக் கையை விடுதல் பேராபத்து. வெறிநோயின் ஒரு வகை இவ்வாறே தோன்றும்.

குட்டிக்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும். பின்னர் மருத்துவர் குறிக்கும் நாளிலும், ஆண்டுதோறும் தவறாமலும் போடவேண்டும். ஓரிடத்து நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் அவ்விடத்தில் நோய் பரவுதல் அறும் என்பது உலக நாடுகள் கண்ட அனுபவம்.

பணியாளரும் ஆசிரியரும் ஆற்றத்தக்கவை

களப்பணியாளர், தடுப்பூசிக்காகக் குட்டியைக் கொண்டுவரும் வீட்டாரிடம், அது எங்கே கழிக்கிறது, யாரைக் கடிக்கிறது என்று வினவி, மேற்கூறிய முறையை ஐந்து நிமிடத்தில் செய்து காட்டலாம். தொல்லை தீர்ந்த வீட்டார் குட்டியைத் தெருவில் விடமாட்டார்கள். அடுத்த ஆண்டு ஊசிக்கும் தாமே கொண்டுவருவார்கள்.

ஆசிரியர் தம் மாணவர்க்குச் சிலவற்றைப் பழக்கலாம். உண்ணும் குட்டியையும், உறங்கும் குட்டியையும், தாயருகே உள்ள குட்டியையும் தொடலாகாது. நாய் துரத்தினால் ஓடாமலும் அலறாமலும், கைகளை உடலோடு ஒட்டி மரம் போல் நிற்கவேண்டும். குட்டியின் பல் எவ்வளவு சிறிதாகப் பட்டிருப்பினும் வீட்டிலோ பள்ளியிலோ உடனே சொல்லவேண்டும். சிறு பிள்ளைகளையும் குட்டியையும் பெரியோர் கண்காணிப்பின்றித் தனியே விடலாகாது என்பதைப் பெற்றோர்க்கும் உணர்த்தவேண்டும். வெறிநோய் நாளான செப்டம்பர் 28, இவற்றைக் கூறுவதற்குத் தக்க நாள். பாஸ்டர் மறைந்ததும் அந்நாளிலேயே.

எல்லாவற்றிற்கும் மேலாக, கடியை வந்து சொல்லும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதிருத்தல் ஆசிரியரின் கடமை. அப்பிள்ளையை முதலில் பாராட்டி, கையைப் பற்றிக் குழாயடிக்கு அழைத்துச் சென்று கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அனுப்புவாராக. சொன்னால் நன்மை விளையும் என்று ஒரு பிள்ளை கண்டால், அடுத்த பிள்ளையும் அஞ்சாது வந்து சொல்லும்.